பெயரறியா வில்லையும் சதுரங்கத் திரையும்

1890-ஆம் ஆண்டுகளில் அந்தமானில் பணியாற்றிய மாரிஸ் விடால் போர்ட்மன் என்னும் ஆங்கிலேய அதிகாரி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கென அத்தீவுகளின் ஆதிகுடிகளைப் படம் பிடித்தார். அவற்றுள் பலவற்றில் மக்களுக்குப் பின்னே கறுப்பும் வெளுப்புமான சதுரங்கத் திரை தொங்குகிறது. ஒவ்வொரு கட்டமும் பக்கத்துக்கு 2 அங்குலம். கட்டங்களை எண்ணி உடலின் அளவைக் காண்பதே அதன் நோக்கம். மனிதரை அளவுகோலின் முன் நிறுத்திய அவ்வழக்கம் உவக்கத்தக்கதன்று. ஜாரவா மக்களைப் படம் எடுப்பதே இன்று சட்டப்படி குற்றமாகும். ஆயினும் அத்தகைய திரை, மனிதரைச் சோதிக்க உதவாவிடினும், காமிரா வில்லையைச் சோதிக்க மிகவும் ஏற்றது.

படத்திலிருந்து அளவெடுப்போர் ஏமாறும் இடங்கள் இரண்டு. முதலாவது வில்லையின் குற்றமே அன்று. காமிராவிலிருந்து 3 மீட்டரில் பொருளும், அதற்கு 30 செ.மீ. பின்னால் திரையும் இருப்பின், 150 செ.மீ. உயரமுள்ள பொருள் கட்டக் கணக்கில் 165 செ.மீ. எனத் தோன்றும். எத்துணை விலையுயர்ந்த வில்லையும் இதைத் திருத்தாது. அளவுகோல் பொருளின் தளத்திலேயே இருத்தல் வேண்டும். இரண்டாவது, வில்லை நேர்கோட்டை வளைத்துக் காட்டுவது. பவளத்திட்டையோ சங்கையோ படத்தில் அளக்கும் கள ஊழியரின் கண்ணில் படாமலே இப்பிழை குறிப்பேட்டில் ஏறிவிடும்.

கையால் குவியம் திருத்தும் பழைய வில்லைகள், இணைப்பு வளையத்தின் உதவியால் இன்றைய காமிராக்களிலும் பொருந்துகின்றன. அவற்றின் பிறப்பிடமோ பலவேளை ஐயத்துக்குரியது. ஒரே ஜப்பானிய ஆலையில் செய்த வில்லைகள் பல வணிகப் பெயர்களில் விற்கப்பட்டன. சோவியத் காமிராக்களில் 'லைக்கா' எனப் பொய்ப்பெயர் பொறித்து விற்றதும் உண்டு. ஆகவே பொறித்த எழுத்தை நம்புவதினும் அளந்து பார்ப்பதே மேல்.

முதலில் குவியத் தூரம். வில்லையை மேசைமீது அசையாது நிறுத்தி, அதன் பின்னே பிடித்த எண்ணெய்த் தாளில், கடலுக்கு அப்பாலுள்ள தீவின் மரங்கள் தெளிவாக விழும் இடத்தைக் குறிக்க வேண்டும். பின்பு நன்கு ஒளியூட்டிய அளவுகோலை வில்லையின் முன் வைத்து, அதன் உருவம் உள்ளபடியே அதே அளவில் தெளிவாக விழும்வரை அளவுகோலையும் தாளையும் நகர்த்த வேண்டும். தாள் நகர்ந்த தூரமே குவியத் தூரம். கூட்டு வில்லையின் மையம் எங்கே என்ற கேள்விக்கே இம்முறையில் இடமில்லை; வகுப்பறைக்கும் உகந்தது. முன்புறம் சற்று எட்ட நின்று நோக்கும்போது தெரியும் துவாரத்தின் விட்டத்தால் குவியத் தூரத்தை வகுத்தால் துவார எண் கிடைக்கும். 135 மி.மீ. வில்லையில் முழுதும் திறந்த துவாரம் 30 மி.மீ. எனில் எண் 4.5, வளையத்தில் 3.5 என்றிருந்தால் ஐயுற வேண்டியதே.

அடுத்து, சதுரங்கத் தாளைச் சுவரில் தட்டையாக ஒட்டி, நடுவே சிறு முகக்கண்ணாடி ஒன்றைப் பொருத்த வேண்டும். வில்லையின் பிரதிபிம்பம் படத்தின் மையத்தில் தெரியுமாறு வைத்தால் காமிரா சுவருக்கு நேராக நிற்கும். எடுத்த படத்தில் விளிம்புக் கோடுகளின்மேல் நூல் பிடித்தால் வளைவு புலனாகும். துவாரத்தைச் சுருக்கினால் மூலைகளின் மங்கல் பெரும்பாலும் குறையும், வளைவு நீங்காது. ஒரு மூலை மட்டும் மங்கினால் காமிராவைத் தலைகீழாக்கி மறுபடி எடுக்கலாம். மங்கல் சுவரின் அதே மூலையில் நின்றால் காமிரா நேராக நிறுத்தப்படவில்லை. எதிர்மூலைக்கு மாறினால் வில்லையிலோ இணைப்பு வளையத்திலோ கோணல் உள்ளது.

ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்யும் அந்தமானில் வில்லைக்குப் பெரும்பகை பூஞ்சணம். பின்னிருந்து கைவிளக்கை அடித்துச் சாய்வாக நோக்கினால் சிலந்தி நூல் போன்ற இழைகள் தெரியும். தொடக்கத்தில் அது கூர்மையைக் குலைப்பதினும் படத்தின் கருமையையே வெளிறச் செய்கிறது. ஆதலால் பலர் கவனிப்பதில்லை. நெடுநாள் விட்டால் கண்ணாடியையே அரித்துவிடும். ஈரத்தை ஏந்தும் தோலுறையை விடக் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் நல்ல காப்பு. அளந்த குவியத் தூரம், துவார எண், சோதித்த நாள் ஆகியவற்றைச் சீட்டில் எழுதி வில்லையுடனேயே வைத்து, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் மறுபடி விளக்கடித்துப் பார்க்க வேண்டும்.