அபராதச் சீட்டு யார் தலையில்?

சாலையில் லாரியை மறித்துச் சோதிப்பது தேவைதானா என்று கேட்போர் உண்டு. தேவை; மிக மிகத் தேவை! அளவுக்கு மேல் பாரம் ஏற்றினால், பிரேக் பிடித்தாலும் நினைத்த இடத்தில் வண்டி நிற்காது. மலைப்பாதை இறக்கத்தில் பிரேக் சூடேறிச் செயலற்றுப் போகும், டயர் வெடிக்கும். முதலில் பலியாவது யார்? முன்னே உட்கார்ந்திருக்கும் டிரைவரும் கிளீனரும்தான்!

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆவது பிரிவு என்ன சொல்லுகிறது? அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் 2,000 ரூபாய். அது மட்டுமா? மிகைச் சரக்கை இறக்காமல் வண்டி நகரவே கூடாது! ஓட்டியவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்தவரும், ஓட்ட விட்டவரும் குற்றவாளிகளே என்கிறது அது.

இவ்வளவும் ஏட்டோடு நின்றால்? பணத்தை வாங்கிக்கொண்டு, பாரத்தை இறக்காமலே அனுப்பிவிட்டால், ஆபத்து ஒழிந்ததா? ஏற்றச் சொன்னவர் மாளிகையிலே, சீட்டு மட்டும் டிரைவர் கையிலே என்றால், அது நீதியா?

தோழர்களே! சோதனையை எதிர்க்காதீர்கள், முழுமையாக நடத்தச் சொல்லுங்கள். எடை போடட்டும், மிகுதியை இறக்கட்டும், முதலாளி பெயரையும் வழக்கில் எழுதட்டும். அப்போதுதான் தொழிலாளி உயிரோடு வீடு திரும்புவான்!