இயக்கவியல் ஆய்வு: நமக்குரிய இடங்கள் எங்கே நழுவுகின்றன?

மலக்குழியின் அடியில் இறுகிக் கிடக்கும் கசடு தண்ணீரைப் போல ஓடாது. அதைக் கலக்கி உறிஞ்சி வெளியேற்றும் இயந்திரத்தை வடிவமைக்கப் பாய்ம இயக்கவியல் அறிவு தேவை. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான ‘ஹோமோசெப்’ கருவி ஒரு முதுநிலை மாணவரின் இறுதியாண்டு ஆய்வில் தொடங்கியது. கழிவுநீர்க் குழாய்களைத் தூய்மைப்படுத்த நவீனத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவது உள்ளாட்சி அமைப்புகளின் கடமை என்கிறது, கையால் மலம் அள்ளும் தொழிலைத் தடைசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு. மலக்குழி மரணங்களுக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2023இல் 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. ஆனால் இழப்பீடு, உயிர் போன பின்பே வருகிறது.

எந்தச் சிக்கல் ஆய்வுப்பொருளாக வேண்டும் என்பதை ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்களே தீர்மானிக்கிறார்கள். அங்கு நாம் எத்தனை பேர் இருக்கிறோம்? 2015 முதல் 2019 வரை ஐ.ஐ.டி.க்களில் முனைவர் பட்டப் படிப்பில் சேர்ந்தோரில் பட்டியல் சாதியினர் 9.1 விழுக்காடு, பழங்குடியினர் 2.1 விழுக்காடு மட்டுமே. சட்டம் வகுத்த அளவோ முறையே 15, 7.5 விழுக்காடு.

மத்தியக் கல்வி நிறுவனங்கள் (சேர்க்கையில் இடஒதுக்கீடு) சட்டம், 2006இன் 3ஆவது பிரிவு, ஒவ்வொரு பாடப்பிரிவிலும் ஆண்டுதோறும் அனுமதிக்கப்பட்ட இடங்களின் அடிப்படையில் இந்த ஒதுக்கீட்டைக் கட்டாயமாக்குகிறது. அவ்விடங்கள் மூன்று வழிகளில் நழுவுகின்றன.

முதலாவது, சட்டமே அளிக்கும் விலக்கு. 4ஆவது பிரிவும் அதன் அட்டவணையும் சில நிறுவனங்களை ஒதுக்கீட்டிலிருந்து விடுவிக்கின்றன. பொறியியல் இயக்கவியலில் பெயர்பெற்ற பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையம், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் ஆகியவை அப்பட்டியலில் உள்ளன.

இரண்டாவது, எண்ணிக்கையை மறைத்தல். பல துறைகள் முனைவர் பட்ட இடங்களின் எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவிப்பதில்லை. மொத்தம் தெரியாதபோது 15 விழுக்காட்டை எப்படிக் கணக்கிடுவது? “தகுதியானவர் கிடைக்கவில்லை” என்ற ஒற்றை வரியை மறுக்கவும் வழியில்லாமல் போகிறது.

மூன்றாவது, உதவித்தொகை. பட்டியல் சாதியினருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகைக்கு ‘நெட்’ தேர்வின் வழியே தெரிவு நடக்கிறது. ஆனால் யு.ஜி.சி. நெட் பாடப்பட்டியலிலோ சி.எஸ்.ஐ.ஆர். நெட்டின் 5 பாடங்களிலோ இயந்திரப் பொறியியல் இல்லை. கணிதம் அல்லது இயற்பியல் பயின்று இயக்கவியலுக்கு வருபவருக்கு இக்கதவு திறந்திருக்கிறது. பொறியியல் பட்டதாரியோ வேறொரு துறையின் தேர்வை எழுதியே இதைப் பெற வேண்டியிருக்கிறது. உதவித்தொகை உறுதியில்லாத மாநிலப் பல்கலைக்கழகங்களில் சேர்பவரையே இது கடுமையாகத் தாக்குகிறது.

ஆயினும் திறந்திருக்கும் வழிகளை நாம் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். கேட் தேர்வின் பொறியியல் அறிவியல் தாளில் பாய்ம இயக்கவியலையும் திடப்பொருள் இயக்கவியலையும் விருப்பப் பகுதிகளாகத் தேர்ந்தெடுக்கலாம். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்குத் தகுதி மதிப்பெண் பொதுப்பிரிவில் மூன்றில் இரண்டு பங்கு. ஒருமுறை பெற்ற மதிப்பெண் 3 ஆண்டுகள் செல்லும். ஐ.ஐ.டி.யில் உதவித்தொகையுடன் முழுநேர ஆய்வில் சேர்பவருக்கு முதல் 2 ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாயும், பின்னர் 42,000 ரூபாயும் கிடைக்கும். வெளிநாட்டில் பயில விரும்புவோருக்கு, ஆண்டுக்கு 125 இடங்கள் கொண்ட தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை உண்டு.

விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர் அத்துடன் ஓய்ந்துவிடக் கூடாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் நான்கு கேள்விகளைக் கேட்கலாம்: அத்துறையில் அந்த ஆண்டு எத்தனை இடங்கள்? பிரிவுவாரியாக எத்தனை பேர் விண்ணப்பித்தனர்? நேர்காணலுக்கு எத்தனை பேர் அழைக்கப்பட்டனர்? எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர்? 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். துறைவாரியான அந்த எண்களே நீதிமன்றத்தில் நம் வாதத்துக்கு அடித்தளம்.

மாணவர் அமைப்புகள் ஒவ்வொரு சேர்க்கைக் காலத்திலும் இதைச் செய்ய வேண்டும். விலக்கு அட்டவணையை நீக்கவும், பொறியியல் மாணவருக்கு கேட் மதிப்பெண் வழியே தேசிய உதவித்தொகை வழங்கவும் கோருவது அடுத்த கட்டப் போராட்டம்.