ஒரு அடியில் போன பதக்கம்

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரத்து டீக்கடையில் பேப்பர் புரட்டிக்கொண்டிருந்த தம்பி ஒருவர் கேட்டார்: "கோல்ஃப் ஆடுறவங்களுக்கு ஜப்பான்ல இவ்ளோ மவுசாண்ணா?" மவுசுதான் தம்பி. 2021 ஆகஸ்ட் 7 காலையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

டோக்கியோ ஒலிம்பிக், பெண்கள் கோல்ஃப், கடைசிச் சுற்று. ஆட்டம் கசுமிகசெகி மைதானத்தில். கணக்கு எளிது: பதினெட்டுக் குழி, குறைந்த அடிகளில் பந்தை உள்ளே தள்ளுகிறவர் ஜெயித்தவர். இத்தனை அடியில் முடிக்கலாம் என்று வைத்திருக்கும் அளவுக்குப் பெயர் பார், அங்கே 71. நான்கு நாளும் சேர்த்து 284. ஒரு சுற்று நடந்து முடித்தால் ஏறக்குறைய பாதி கிரிவலம்.

அமெரிக்காவின் நெல்லி கோர்டா 267 அடியில் முடித்துத் தங்கம் வாங்கினார். ஜப்பானின் இனாமி மோனே, நியூசிலாந்தின் லிடியா கோ இருவரும் 268. நம் பெங்களூரு அதிதி அசோக் 269, நான்காம் இடம். உலகத் தரவரிசையில் 200ஆம் இடத்தில் இருந்த பெண். கொரோனா வந்துபோன உடம்பு; மற்றவர்கள் அடிக்கும் தூரம் அவருக்குப் போகவில்லை. குழிக்குப் பக்கத்தில் பந்தை உருட்டுகிற நிதானத்தாலேயே மூன்று நாள் ஆட்டம் முடிந்தபோது இரண்டாம் இடத்தில் நின்றார். மட்டைப் பை சுமந்தவர் அவருடைய அம்மா. கடைசிக் குழியில் அதிதி உருட்டிய பந்து உள்ளே விழுந்திருந்தால் அவரும் 268. விழவில்லை. இனாமிக்கும் அதே குழியில் பந்து மணலில் சிக்கி ஓர் அடி கூடியது. ஆனாலும் சமமாக நின்ற லிடியாவுடன் மீண்டும் மோதி வெள்ளி வென்றார். கோல்ஃபில் ஜப்பானின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

அந்த மவுசை ஒலிம்பிக் உண்டாக்கவில்லை. 1957இல் இதே மைதானத்தில் நடந்த கனடா கோப்பையை நகாமுராவும் ஓனோவும் ஜப்பானுக்கு வென்று தந்தார்கள். டிவியில் பார்த்த ஜனம் மட்டையைத் தேடத் தொடங்கியது. இன்று அங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மைதானங்கள். ஊருக்குள்ளேயே வலை கட்டிய பயிற்சிக்கூடங்கள். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் ஒரு கூடைப் பந்து வாங்கி அடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்கள். பெண்களுக்கென்றே ஆண்டின் பெரும்பகுதி வாராவாரம் போட்டி. 2020-21 பருவத்தில் அங்கே பரிசுப்பணத்தில் முதலிடம் இனாமிக்கு. மட்டை பிடித்துப் பார்த்தவர்கள் அவர் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள்.

அதிதி 2016இலேயே பெண்களுக்கான இந்திய ஓபன் வென்றவர்; அதை வென்ற முதல் இந்தியப் பெண். நமக்கு அவரைத் தெரிந்தது அந்த ஒரு காலையில்தான். அன்று மாலையே நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றார், ஊரே அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அது நியாயமான கொண்டாட்டம். ஆனால் நான்காம் இடம் மறந்துபோனதற்கு நீரஜ் காரணமில்லை. சென்னையானாலும் ஊட்டியானாலும் கொடைக்கானலானாலும் இங்கே மைதானம் என்றால் பெரும்பாலும் கிளப்; சாதாரண ஜனத்துக்கு வெளியிலிருந்து பார்க்கிற பச்சைப்புல். பெங்களூரில் பை தூக்கிப் பழகிய முனியப்பா 2009இல் இந்திய ஓபன் வென்றார் என்றால், வேலைக்காக உள்ளே போனதால்தான் அவர் கைக்கு மட்டை வந்தது.

எல்லார் கைக்கும் மட்டை வரப் பெரிய நிலம் வேண்டாம். மாவட்ட விளையாட்டரங்கின் ஒரு மூலையில் வலை கட்டி, பத்து மட்டையும் சில கூடைப் பந்தும் வைத்தால் போதும். திருவண்ணாமலையிலேயே தொடங்கலாம், விளையாட்டுத் துறை யோசிக்கட்டும்.