பீனட் பட்டர் வழக்கும் ஒரு சல்லடையும்

அமெரிக்க மாநிலச் சிறையில் இருக்கும் ஒருவர், தன்னை அடித்த காவலர் மீது ஃபெடரல் கோர்ட்டில் வழக்குப் போடலாம். அதற்கு ஆதாரம் 1871இல் வந்த ஒரு சட்டம். கூ க்ளக்ஸ் க்ளான் கும்பலின் வெறியாட்டத்தை உள்ளூர் அதிகாரிகள் கண்டும் காணாமல் இருந்ததால் பிறந்தது அது. அரசு அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரின் அடிப்படை உரிமையை மீறுபவர் கோர்ட்டில் பதில் சொல்லியாக வேண்டும். இந்தச் சட்டத்தின்படி ஒரு கைதி போட்ட வழக்கை உச்ச நீதிமன்றம் ஏற்பதற்கு 1964 ஆகிவிட்டது.

அப்புறம் மனுக்கள் குவிந்தன. பெரும்பாலானவற்றில் வக்கீல் கிடையாது, கைதியே எழுதியவை. 1995இல் மட்டும் 40,000க்கு மேல்.

பதில் மனு எழுதி அலுத்துப்போன மாநில அரசு வழக்கறிஞர்கள் 'அற்ப வழக்குகள்' என்று பட்டியல் போட்டார்கள். அதில் பிரபலமானது பீனட் பட்டர் வழக்கு. வழுவழுப்பானதற்குப் பதில் நொறுங்கல் வகையைக் கொடுத்துவிட்டார்கள் என்று ஒரு கைதி கோர்ட்டுக்குப் போனாராம்! கேட்டவர்கள் சிரித்தார்கள். மேல்முறையீட்டு நீதிபதி ஜான் நியூமன் மட்டும் கோப்பைத் தேடிப் படித்தார். அந்தக் கைதி சிறை கேன்டீனில் காசு கொடுத்து வாங்கியவர். மாறி வந்த ஜாடியைத் திருப்பிக் கொடுத்தார். சரியானது கைக்கு வருமுன் வேறு சிறைக்கு மாற்றிவிட்டார்கள். கணக்கில் பிடித்த இரண்டரை டாலர் பிடித்ததுதான். சின்னத் தொகை, சரி. ஆனால் அவர் ருசிக்காக வழக்காடவில்லை.

இந்தக் கேலிப்பேச்சுகளுக்கு நடுவே, 1996இல் கைதிகள் வழக்குச் சீர்திருத்தச் சட்டம் வந்தது. ஏழைக்கும் கட்டண விலக்கு இல்லை, தவணை உண்டு. இன்று கட்டணம் 350 டாலர். கைதியின் கணக்கில் மாதம் வரும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். ஃபெடரல் சிறைகளில் சாதாரண வேலைக்குக் கூலி மணிக்கு 12 முதல் 40 சென்ட். 25 சென்ட் வாங்குபவர் மாதம் 150 மணி நேரம் உழைத்தால் பிடித்தம் ஏழரை டாலர். கடன் அடைய ஏறக்குறைய நான்கு ஆண்டு.

அடுத்த தடை இன்னும் நுணுக்கமானது. முதலில் சிறை நிர்வாகத்திடமே புகார் கொடுத்து, மேல்முறையீட்டுப் படிகள் அத்தனையும் ஏறியிருக்க வேண்டும். புகாருக்குக் கெடு வைப்பதும் நிர்வாகம்தான். கலிபோர்னியாவில் 2006 வாக்கில் அது 15 வேலை நாளாக இருந்தது. அதைத் தவறவிட்ட ஒருவருக்குக் கோர்ட்டின் கதவும் சாத்தியதே என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. யார்மீது குற்றச்சாட்டோ அவர்களே கெடு வைக்கிறார்கள்! எனக்கு இது விசித்திரமாகத்தான் படுகிறது.

இனி சல்லடைக்கு வருவோம், அதாவது அற்ப வழக்குகளைச் சலிக்க வந்த அந்த 1996 சட்டத்துக்கு. பதரை மட்டும் அது கழித்திருந்தால், எஞ்சிய வழக்குகளில் ஜெயிப்பவை கூடியிருக்க வேண்டும். மிச்சிகன் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியர் மார்கோ ஷ்லாங்கர் கணக்கெடுத்தார். கைதிகள் தொகை கூடியும், 2001க்குள் வழக்குகள் 22,000 அளவுக்குச் சரிந்திருந்தன. வெற்றி விகிதமோ உயரவில்லை, இறங்கியது. சல்லடையில் பதரோடு நெல்லும்தான் போயிருக்கிறது.