அட்டையில் 192, முகப்பில் 48



பருப்பு மண்டிக்காரனுக்குப் பாட்டுப் பெட்டியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் நம் சங்கத்தில் உண்டு. என்னைப்போல் வாங்கிவிட்டு விழிப்பவர்களும் உண்டு. இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

எனக்கு நாகஸ்வரம் என்றால் உயிர். கம்ப்யூட்டரில் நன்றாகக் கேட்க வேண்டும் என்று, அட்டையில் 192 எனப் பெரிதாக அச்சிட்ட வெளி கன்வெர்ட்டர் ஒன்றை வாங்கினேன். ஒயரைச் சொருகினால் போதும் என்றார் கடைக்காரர். பாட்டும் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பேத்திதான் கேட்டாள்: "தாத்தா, 96 பாட்டு போட்டாலும் பெட்டியில 48னே காட்டுதே, ஏன்?"

கம்ப்யூட்டரில் பாட்டு என்பது வெறும் எண்கள்தான். நாம் மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுப்பதுபோல, ஒலியிலிருந்து வினாடிக்குப் பல்லாயிரம் மாதிரி எடுத்து எண்ணாக எழுதி வைக்கிறார்கள். 1982-ல் விற்பனைக்கு வந்த சி.டி.யில் வினாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட். ஹை-ரெஸ் என்று இன்று விற்பது பெரும்பாலும் 24 பிட்; மாதிரி 96,000 அல்லது 1,92,000. இந்த எண்களைத் திரும்ப ஒலிக்கான மின்னலையாக்குவதே கன்வெர்ட்டரின் வேலை. கம்ப்யூட்டருக்குள்ளும் ஒன்று உண்டு. ஆனால் அங்கே மற்றச் சில்லுகளின் மின் இரைச்சல் பாட்டில் கலக்க இடமிருக்கிறது. அதனால்தான் வெளியே தனிப்பெட்டி.

சரக்கு மாறுவது வழியில். விண்டோஸ், பாட்டையும் மற்றச் சத்தங்களையும் ஒன்றாகக் கலந்து ஒரே வேகத்தில் அனுப்பும். அந்த வேகம் 48,000 என்று குறித்திருந்தால், 96,000 பாட்டும் 48,000 ஆகித்தான் வெளியே போகும். என் வீட்டில் நடந்தது அதுதான். பாட்டு போடும் மென்பொருளில் 'வாசாபி எக்ஸ்க்ளூசிவ்' அல்லது 'ஏசியோ' என்பதைத் தேர்ந்தெடுத்தால், கலவைக் கிடங்குக்குப் போகாமல் நேரே கன்வெர்ட்டருக்குப் போகும். மேக் வைத்திருப்பவர்கள் 'ஆடியோ மிடி செட்டப்' என்ற இடத்தில் பாட்டுக்கு ஏற்ற வேகத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். இதைச் செய்ததும் முகப்பில் 96 வந்தது.

காதுக்கு வித்தியாசம் தெரிந்ததா? உண்மையைச் சொன்னால், இல்லை. மாதிரி எண்ணிக்கையில் பாதி அளவு அதிர்வு வரைதான் பதிய முடியும், சி.டி.க்கு அது 22,050. நல்ல இளம் காதே சுமார் 20,000 வரைதான் கேட்கும். அறுபதைத் தாண்டிய காதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன் என்ற இருவர் 500-க்கும் மேற்பட்ட முறை மறைத்து வைத்துச் சோதித்ததில், கேட்டவர்களின் விடை பூவா தலையா போட்டதுபோல் பாதிக்குப் பாதிதான் வந்தது. ஆனால் உள் இரைச்சல் போனது மட்டும் எனக்கே தெரிந்தது. தனிப்பெட்டிக்குக் கொடுத்த காசு அதற்கே சரி.

பாட்டிலும் கலப்படம் உண்டு. சி.டி. பாட்டையே கணக்குப் போட்டு ஊதி 96 ஆக்கி விற்கிறார்கள். பழைய அரிசி, புதுச் சாக்கு. 'ஸ்பெக்' என்ற இலவச மென்பொருளில் போட்டால் பாட்டைப் படமாகக் காட்டும். 22,000 அருகே சுவர் வைத்தாற்போல் வெட்டுப்பட்டிருந்தால் சந்தேகப்படலாம். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டை 192-ல் பதிந்தாலும், தட்டில் உள்ளதுதான் வரும். அதுவே நமக்குப் போதும் என்பது வேறு விஷயம்.

கடை வைத்திருக்கும் நண்பர்கள், விற்கும்போதே வாடிக்கையாளர் முன்னால் ஒரு 96 பாட்டைப் போட்டு முகப்பு எண்ணைக் காட்டிக் கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. எனக்கு விற்றவரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கே அன்றுதான் தெரியும். நான் வாங்கிய 12 பாட்டுகளில் 2 ஊதியவை போலத் தெரிகின்றன. விற்றவர்களுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.