உணவும் இரத்தத்தின் அமில-கார நிலையும்

புளிப்பான பண்டங்களை உண்டால் இரத்தத்தில் அமிலம் மிகும் என்ற எண்ணம் மக்களிடையே பரவலாக உள்ளது. காரத்தை விளைவிக்கும் உணவுகளால் எந்நோயையும் தீர்த்துவிடலாம் என்று கூறுவோரும் உளர். இவ்விரண்டும் பொருந்தா. இங்குக் காரம் என்பது மிளகாயின் உறைப்பன்று. சமையல் சோடா, சாம்பல் நீர் ஆகியவற்றின் குணமாகும்.

சாம்பல் காட்டும் உண்மை

நாவிற்குப் புளிப்பது வேறு; உடலில் அமிலத்தை விளைவிப்பது வேறு. எலுமிச்சம்பழச் சாறு நீல லிட்மஸ் தாளைச் சிவப்பாக்கும். ஆயினும் அதிலுள்ள சிட்ரிக் அமிலம் உடலில் எரிந்து கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறிவிடுகிறது. அதனுடன் கலந்துள்ள பொட்டாசிய உப்புக்களோ காரத்தை விட்டுச் செல்கின்றன.

இதனை ஆசிரியர்கள் வகுப்பிலேயே காட்டலாம். அசாம் மாநிலத்தில் வாழைப்பழத் தோலை உலர்த்தி எரித்து, அச்சாம்பலை நீரிலிட்டு வடித்துச் சமையலில் சேர்ப்பர். அத்தகைய சாம்பல் நீர் சிவப்பு லிட்மஸ் தாளை நீலமாக்கும்.

பழங்கள், காய்கறிகள், கீரைகள், கிழங்குகள் பெரும்பாலும் காரத்தை விளைவிப்பவை. இறைச்சி, மீன், முட்டை, தானியங்கள் ஆகியவை அமிலத்தை விளைவிப்பவை. இவற்றின் புரதத்திலுள்ள கந்தகம் உடலில் கந்தக அமிலமாக மாறுவது இதற்கு முக்கிய காரணம். பால் ஏறக்குறைய நடுநிலையானது.

உடலின் காவல்

அமில-கார நிலையைப் பி.எச். என்னும் எண்ணால் அளப்பர். 7 நடுநிலை; அதற்குக் கீழ் அமிலம், மேல் காரம். நலமுள்ளவரின் தமனி இரத்தத்தில் இவ்வெண் 7.35 முதல் 7.45 வரையே இருக்கும். இரத்தத்திலுள்ள பைகார்பனேட் அமிலத்தை உடனே தணிக்கிறது. நுரையீரல் கரியமில வாயுவை மூச்சின் வழியே போக்குகிறது. எஞ்சிய அமிலத்தைச் சிறுநீரகம் கழிக்கிறது. ஆகவே, உணவு மாறும்போது பெரிதும் மாறுவது சிறுநீரே, அதன் பி.எச். 4.5 முதல் 8 வரை வேறுபடலாம். சிறுநீரைச் சோதித்து, இரத்தமும் அவ்வாறே மாறிவிட்டது எனக் கருதுவது தவறு.

இரத்தம் அமிலப்படும் நிலைகள்

இக்காவல் தளர்வது நோயினால்தான். கடும் வயிற்றுப்போக்கில் மலத்துடன் பைகார்பனேட் வெளியேறுவதால் குழந்தையின் இரத்தம் அமிலப்படும். மூச்சு ஆழ்ந்தும் விரைந்தும் வரும். உலக சுகாதார நிறுவனம் 2002-ஆம் ஆண்டு வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 2.9 கிராம் சோடியம் சிட்ரேட் சேர்க்கப்படுவது இதனைச் சரிசெய்யவே. சிட்ரேட் உடலில் பைகார்பனேட்டாக மாறுகிறது. ஆனால், மூச்சு இவ்வாறு மாறிய குழந்தைக்குக் கரைசல் மட்டும் போதாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

நீரிழிவு முற்றி இரத்தம் அமிலப்படுமாயின், இன்சுலினும் மருத்துவமனைச் சிகிச்சையும் இன்றியமையாதவை. பழச்சாறு கேடு செய்யும். சிறுநீரகம் பழுதுற்றவர்க்குக் கீரை, பழம், இளநீர் ஆகியவற்றின் பொட்டாசியம் இரத்தத்தில் தேங்கி, இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். அவர்களுக்குரிய உணவை மருத்துவரே வகுக்கவேண்டும்.

களப் பணியாளர்களுக்கு

காய்கறிகளையும் பழங்களையும் நாள்தோறும் உண்ணுமாறு மக்களுக்கு எடுத்துரைப்பது நன்று. அவை வைட்டமின்களையும் தாது உப்புக்களையும் நார்ப்பொருளையும் அளிக்கின்றன என்பதே போதிய காரணம். இரத்தத்தைக் காரமாக்கிப் புற்றுநோயைத் தீர்க்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அவ்வாறு நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரை மருத்துவரிடம் அனுப்பிவைப்பது களப் பணியாளரின் கடமையாகும்.