மூடியைத் தூக்கினால் ஒரு 'ஸ்ஸ்ஸ்'!

மெதுவா வாங்க, சத்தம் போடாதீங்க. தறி அறையைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, கொல்லைக் கதவைத் திறந்தால் முருங்கை மரத்தடியில் நாலு கால் ஸ்டாண்டின் மேல் ஒரு மரப்பெட்டி இருக்கிறதே, அதுதான்! ஐயம்பேட்டையில் எங்கள் வீட்டு ரேஷன் கார்டில் ஐந்து பெயர். கொல்லையையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் சில ஆயிரம் பேர்!

இன்று பெட்டி திறக்கும் ஞாயிறு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறைதான் இந்த நாள் வரும். அதனால் ஆறு மணிக்கே பிள்ளைகள் எழுந்துவிட்டார்கள். பள்ளிக்கூட நாளில் இவர்களை எழுப்ப நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும். என் வீட்டுக்காரர் தேங்காய் நாரைக் கொளுத்திப் புகைப்பானுக்குள் திணிக்கிறார். மகள் முகவலையை மாட்டிக்கொண்டு கல்யாணப் பெண் மாதிரி நிற்கிறாள். அத்தை மட்டும் வலையே போடுவதில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பக்கத்திலேயே நிற்பார்.

மூடி லேசாக அசைந்ததும் உள்ளே இருந்து ஒரு 'ஸ்ஸ்ஸ்ஸ்'! முதல் தடவை கேட்டபோது மகன், "ஆயா, உள்ள பாம்பு!" என்று துளசி மாடம் வரைக்கும் ஓடினான். பாம்பில்லை. நம் இந்தியத் தேனீக்கூட்டம் ஆபத்து என்று நினைத்தால் எல்லாம் ஒரே நொடியில் உடம்பை உதறும். அந்தச் சத்தம்தான் இது. இரண்டு முறை புகை காட்டினால் அடங்கிவிடும்.

கீழ்த்தட்டு புழு அறை. அதில் ஏழு சட்டங்கள். இந்தச் சின்னப் பெட்டிக்கு நியூட்டன் பெட்டி என்று பெயர். கொடைக்கானல் அருகே செண்பகனூரில் இருந்த பாதிரியார் நியூட்டன், 1910-களில் நம் ஊர்த் தேனீயின் உடம்புக்கும் கூட்டத்துக்கும் ஏற்ற அளவில் இதை வடிவமைத்தார். அடுத்த பத்தாண்டில் ஒய்.எம்.சி.ஏ.வின் ஸ்பென்சர் ஹேட்ச், மார்த்தாண்டத்தில் வீட்டுக்கு வீடு தேன் பெட்டி வைக்கச் சொல்லிக் கொடுத்தார். இன்றைக்கும் தேன் என்றால் மார்த்தாண்டம்தான் நினைவுக்கு வருகிறது. அங்கே கிடைக்கும் தேனில் பெரும்பகுதி பூவில் இருந்து வருவதில்லை, ரப்பர் இலைக் காம்பில் சுரக்கும் இனிப்பில் இருந்து வருகிறது. எங்களுக்கு ரப்பர் ஏது? முருங்கை, வேம்பு, புங்கன், புளி, தென்னை. அதுவே போதும்!

இதோ, மூன்றாவது சட்டம் வெளியே வருகிறது. பெட்டிக்கு நேர் மேலேயே பிடிக்க வேண்டும். ராணி தவறி விழுந்தாலும் உள்ளேயே விழட்டும். வெயில் படும்படி சாய்த்தால் அறுகோண அறைகளின் அடியில் முட்டைகள் தெரியும். வெள்ளைப் பட்டு இழையைப் பொடியாக நறுக்கி நட்டு வைத்ததுபோல் அவ்வளவு சின்னது! எங்கள் நாலு பேர் கண்ணுக்கும் படாதது என் வீட்டுக்காரர் கண்ணுக்கு உடனே பட்டுவிடும். பாவில் ஒரு இழை அறுந்தாலும் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே கண்டுபிடிக்கிற கண் அது.

"ஏங்க, முட்டை இருக்கா?" என்றேன்.

"வரிசையா இருக்கும்மா. ராணி நல்லாத்தான் இருக்கு."

சட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் உப்பிய மூடிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை. அது ஆண் தேனீ அறை. வேலைக்காரத் தேனீ அறையின் மூடியில் துளை இருக்காது. ராணி வெளிவர ஏறக்குறைய 16 நாள், ஆணுக்கு 24 நாள். வேலைக்காரத் தேனீக்கும் ராணிக்கும் முட்டையில் ஒரு வித்தியாசமும் கிடையாது. கடைசி வரை அரசக்கூழ் ஊட்டி வளர்த்த புழுதான் ராணி ஆகிறது. இதைச் சொன்ன அன்றிலிருந்து மகள் சாப்பாட்டில் குறை சொல்வதை நிறுத்திவிட்டாள்.

முதல் வருஷம் எங்களுக்கு இரண்டு வாரம் காத்திருக்கும் பொறுமை இல்லை. ஆசை தாங்காமல் தினம் மூடியைத் தூக்கினோம். தறிச் சுவரை ஒட்டிப் பெட்டியை வைத்ததில் நாள் முழுக்க அதிர்வு வேறு. ஸ்டாண்டு கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம் வைக்காததால் எறும்பும் ஏறியது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு மத்தியானம் பார்த்தால் காலி அடை! இந்தியத் தேனீக்கு இடம் பிடிக்காவிட்டால் கூட்டமாகக் கிளம்பிப் போய்விடும். மகள் அன்று சோறு தொடவில்லை. எனக்கும் தொண்டை அடைத்தது.

இரண்டாவது கூட்டம் போன தை மாதம் வந்தது. காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் பழைய சீவரம் பார்வேட்டை உற்சவத்துக்கு எங்கள் ஊர் வழியாகப் போய் வந்த வாரம். பெட்டி வாசலை அடைத்து ராத்திரியில்தான் கொண்டுவந்தார்கள். பகலில் எடுத்தால் மேயப் போனவை எல்லாம் திக்குத் தெரியாமல் நின்றுவிடும். இந்த முறை கிழக்குப் பார்த்த வாசல், முருங்கை நிழல், நாலு கிண்ணம் தண்ணீர். குடிக்கவும் தனியே ஒரு மண்சட்டியில் கூழாங்கல் போட்டுத் தண்ணீர் வைத்தோம். இல்லாவிட்டால் தாகத்துக்குச் சாயத் தண்ணீர் தேடிப் போய்விடுமோ என்று எனக்குப் பயம். கொட்டினால் கொடுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துவிடுவோம். ஆனால் யாருக்காவது மூச்சுத் திணறினாலோ முகம் வீங்கினாலோ நேரே ஆஸ்பத்திரிதான். இதில் மட்டும் விளையாட்டே கிடையாது.

சாயங்காலம் வந்தால் வாசலைப் பாருங்கள். நாலைந்து தேனீக்கள் தலையை வெளிப்பக்கம் நீட்டி நின்று விசிறும். நம் தேனீ நிற்கும் விதம் இது. இத்தாலியத் தேனீ தலையை வாசல் பக்கம் வைத்துக்கொண்டு விசிறும். உள்ளே, பூ இருக்கும் திசையை உடம்பை ஆட்டிக் காட்டும் நடனம் நடந்துகொண்டிருக்கும். அந்த நடனத்தைப் படித்துச் சொன்ன கார்ல் வான் ஃபிரிஷுக்கு 1973-இல் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் மகனோ அதை அடுப்படியில் ஆடிக்காட்டி, சர்க்கரை டப்பா எந்தப் பக்கம் என்று அக்காவைக் கண்டுபிடிக்கச் சொல்கிறான்!

சித்திரையில் மேல்தட்டுத் தேன் அறையில் இரண்டு சட்டம் மெழுகு மூடி நின்றது. மூடாத தேனை எடுக்கக் கூடாது. அதில் ஈரம் அதிகம், புளித்துப்போகும். புழு அறைத் தேன் பக்கம் நாங்கள் போகவே மாட்டோம், அது அவர்கள் சாப்பாடு. தேன் எடுக்கும் டிரம்முக்குள் சட்டத்தைச் சுழற்றியதும் அதன் சுவரில் முதல் சொட்டுகள் தெறித்து இறங்க, "வந்துடுச்சு! வந்துடுச்சு!" என்று எல்லாரும் கத்தியதில் பக்கத்து வீட்டில் தறி நின்றுவிட்டது. அவர்களுக்கும் ஒரு கிண்ணம் போனது. வேப்பம்பூவும் சேர்ந்திருக்கும்போல, நாக்கின் ஓரத்தில் லேசான கசப்பு. கடைத் தேனில் எனக்கு இப்படி ஒரு ருசி கிடைத்ததே இல்லை.

மூடியாயிற்று. ஒரு தேனீ மட்டும் அத்தையின் முந்தானை ஜரிகையில் உட்கார்ந்திருக்கிறது. அவர் வாசலருகே குனிந்து முந்தானையைப் பலகையில் ஒட்டிப் பிடிக்க, அது நிதானமாக நடந்து உள்ளே போகிறது.

"ஆயா, இன்னொரு தடவை திறக்கலாமா?"

"அடுத்த ஞாயிறும் இல்ல. அதுக்கும் அடுத்த ஞாயிறு!"